இருப்புச் சான்று

ரமொஹாபி உண்மையைச் சொன்னார். வந்த தொல்லை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சொல்லாமலே இருந்திருக்கலாம். மங்காவுங் நகரில் அவர் குடியிருந்த தெருவிலிருந்து வீட்டை விற்றுவிட்டுப் போன எவரும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட்டுப் போனதில்லை. ஆனால் ரமொஹாபி முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். செல்லுபடியாகும் சீட்டு கையில் இருப்பவனை எந்த வண்டியிலிருந்தும் எவராலும் இறக்கிவிட முடியாது என்பதை, வேதாகமத்துக்கு அடுத்தபடியாக நம்பினார். நீலக்குன்று இல்லக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில், 'உங்கள் வீட்டு நிலைமையில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்று அச்சிட்டிருந்தது. அச்சில் வந்ததை மீறுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மாற்றம் இதுதான். அவருடைய மனைவி புசெலெட்சோவுக்கு ஃபிக்ஸ்பர்க் ஊர் மருத்துவமனையில் வலது இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். இனி அவளால் இந்த வீட்டின் படிகளில் ஏறி இறங்க முடியாது. அதே ஊரில் அவள் தங்கை வீட்டை ஒட்டிச் சமதரையில் இரண்டு அறைகள் இருந்தன. அங்கேயே போய்விடுவது என்று முடிவாயிற்று. அவள் முன்னே போய்விட்டாள். வீட்டை விற்றுவிட்டு, பொருள்களை ஏற்றிக்கொண்டு இவர் பின்னே போக வேண்டும்.

பொருள்களில் முக்கியமானது கூடத்துச் சுவரை அடைத்து நின்ற ஷோகேஸ். அதற்குள் பொன் விளிம்பு வைத்த நாற்பத்தெட்டுத் தட்டுகள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் புசெலெட்சோ மாதத்துக்கு இரண்டு என்று வாங்கிச் சேர்த்தவை. முக்கியமான விருந்தாளி வந்தால் எடுப்பது என்று வைத்திருந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த அளவுக்கு முக்கியமானவர் யாரும் வரவில்லை. பாதிரியார் வந்தபோதுகூட எனாமல் தட்டுதான். காரில் ஏறும்போது அவள் சொன்ன கடைசி வார்த்தை, "என் கால் போனாலும் பரவால்ல, பாலிசி போகக் கூடாது. என் தட்டுங்க பத்திரம்."

ரமொஹாபி நிறுவனத்துக்குப் போன் செய்தார். அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"சொன்னதுக்கு நன்றி சார். இப்ப உங்க வீட்டோட ஆபத்து நிலை மாறிடுச்சு."

"ஆபத்தா? வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு ஒரு பலகைதானேம்மா வெச்சிருக்கு?"

"பலகையைப் பாத்து ஆளுங்க வருவாங்க. நீங்களே கதவைத் திறந்து உள்ள விடுவீங்க. நீங்க உள்ள விட்டவங்க ஏதாவது எடுத்துட்டுப் போனா அது திருட்டு இல்ல சார், விருந்து."

"அப்ப எதும்மா திருட்டு?"

"கதவை உடைச்சிருக்கணும். உடைச்ச அடையாளம் கண்ணுக்குத் தெரியணும்."

"திறந்து கிடக்கிற கதவை எவன் உடைப்பான்?"

"அதை நாங்க கட்டாயப்படுத்த முடியாது சார். போகும்போதாவது உடைச்சிட்டுப் போனாங்கன்னா உங்களுக்கு நல்லது." தட்டச்சு ஓசை கேட்டது. "அடுத்த கேள்வி. அந்த வீட்ல நீங்க குடியிருக்கீங்களா?"

"உள்ள உக்காந்துதானே பேசிட்டிருக்கேன்."

"உக்காந்திருக்கிறது வேற, குடியிருக்கிறது வேற சார். குடியிருக்கிறவருக்குத் தொடர்ந்து இருக்கணும்ங்கிற எண்ணம் இருக்கணும். நீங்க போறதா சொல்லிட்டீங்க. எண்ணம் இல்லாதவர் உள்ள இருந்தாலும் எங்க ஏட்டுல வீடு காலி. காலி வீட்டுக்கு பாலிசி செல்லாது."

செல்லாத சீட்டோடு பிடிபட்டவர்களின் முகத்தை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்.

"ஒரு வழி இருக்கு சார்," என்றது குரல், பரிவோடு. "இருப்புச் சான்று. தினம் காலையில ஒம்பது, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் அஞ்சு. பொருள்களுக்கு முன்னாடி ஒரு நாற்காலியில உக்காந்து உங்களை நீங்களே போட்டோ எடுத்து அனுப்பணும். வீடு விக்கிற வரைக்கும்."

ஃபிக்ஸ்பர்க்குக்கு வேனில் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் போய்த் திரும்ப முடியாது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவிலும் முடியாது. ஐந்துக்குப் பிறகு வேன் கிடையாது. ரயில்வேக்காரர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்கு உடனே ஓடிவிட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஷோகேஸின் முன் உட்கார்ந்து முதல் படத்தை அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மணிப் படத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து மணிப் படம் திரும்பி வந்தது. 'முகத்தில் தொடர்ந்து இருக்கும் எண்ணம் தெரியவில்லை. மீண்டும் எடுக்கவும்.' அவர் கண்ணாடி முன் நின்று எண்ணத்தை வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் புருவத்தைச் சற்றே உயர்த்தி, உதட்டை இறுக்கிக்கொண்டால் எண்ணம் உள்ளதாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அதுவே அவர் முகமாயிற்று.

அடுத்த சங்கடம் புரோக்கர் ஹெஸ்டர் ஸ்நைமன் அம்மாள். நல்ல மனுஷி. எப்போதும் அவசரம்.

"சார், வீடு பாக்க வரும்போது நீங்க வீட்ல இருக்கவே கூடாது. வாங்க வர்றவங்க இங்க தாங்களே வாழற மாதிரி மனசுல ஓட்டிப் பாக்கணும். நடுவுல நீங்க உக்காந்திருந்தா உங்களை எங்க வெக்கிறதுன்னு அவங்களுக்குக் கவலை வந்துடும்."

"நான் இல்லைன்னா பாலிசி செல்லாதும்மா."

"நீங்க இருந்தா வீடு விக்காது சார்."

இருவரும் நியாயமானவர்கள் என்பதால் ஒரு நடுவழிக்கு வந்தார்கள். யாராவது வீடு பார்க்க வந்தால் ரமொஹாபி சமையலறையை ஒட்டிய மளிகை அறைக்குள் நாற்காலியோடு போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வது. வீட்டுக்குள் இருப்பார், ஆனால் கண்ணில் படமாட்டார். மக்காச்சோள மாவு மூட்டைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில், மடியில் வேதாகமத்தோடு அவர் ஐந்து குடும்பங்கள் வந்து போவதைக் காலடி ஓசையில் கேட்டார்.

ஆறாவதாக வந்தவள் ஒரு இளம் கர்ப்பிணி, கணவனோடு வந்தவள். மளிகை அறை எவ்வளவு பெரிது என்று பார்க்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

ரமொஹாபி எழுந்து தொப்பியைக் கழற்றினார். "வணக்கம்மா. என்னைக் கண்டுக்காதீங்க. நான் பாலிசிக்காக உக்காந்திருக்கேன்."

அவள் ஹெஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். "இவரும் வீட்டோட சேர்த்தா?"

"இல்ல இல்ல," என்றாள் ஹெஸ்டர் அவசரமாக. "இவரை எடுத்துடுவோம்."

தினமும் சாயங்காலம் புசெலெட்சோ போன் செய்தாள். கோபமாக இருந்தால் கணவனைக் குலப் பெயரால் அழைப்பது அவள் வழக்கம். முதலை அவர்கள் குலச் சின்னம்.

"ஏ முதலைக் குலத்துக்காரரே, இன்னிக்காவது வேன் ஏறுனீங்களா இல்ல தண்ணிக்கடியிலயே கிடக்கிறீங்களா?"

"நடக்கப் பழகினியா, அதைச் சொல்லு."

"ஆஸ்பத்திரியில குடுத்த அந்த அலுமினிய நடைச் சட்டத்தைப் புடிச்சா? மாட்டேன். நாப்பத்திரண்டு வருஷம் உங்க கையைப் புடிச்சு நடந்தவ. முதல் அடி உங்க கையைப் புடிச்சுத்தான் வைப்பேன். டாக்டர் கத்தினா கத்தட்டும்."

டாக்டர் கத்தத்தான் செய்தார். மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் எழுந்து நடக்கவில்லை என்றால் கால் அப்படியே இறுகிப்போகும். பிறகு நாற்காலிதான் கதி என்று அவளுடைய தங்கையிடம் சொல்லியிருந்தார். புசெலெட்சோ பிடிவாதக்காரி. இப்படிச் சொன்ன பிறகும் சட்டத்தைத் தொடவில்லை. ஆனால் அன்று போனை வைப்பதற்கு முன் அவள் குரல் தழைந்தது. "சீக்கிரம் வாங்க. பயமா இருக்கு."

நாட்காட்டியில் ஆகஸ்ட் முடிய ஒன்பது நாள் இருந்தது. ரமொஹாபி நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மூன்று நாள் விடுப்பு. காரணம், மனைவியின் கால்.

விண்ணப்பத்தை விசாரிக்க ஆய்வாளர் க்ரோபெலார் நேரில் வந்தார். பழுப்பு நிறக் கோட்டு, கையில் படிவம் செருகிய அட்டை. வீடு முழுக்கச் சுற்றி வந்து சமையலறை மூலையில் ஒரு பெட்டியின் முன் நின்றார். பயணத்துக்கென்று ரமொஹாபி ஆறு தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அதில் வைத்திருந்தார்.

"இது என்ன சார்?"

"தட்டுங்க. கொண்டு போறதுக்குக் கட்டி வெச்சேன்."

க்ரோபெலார் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஷோகேஸ்ல இருந்தா அது வீட்டுப் பொருள். லாரியில இருந்தா பயணப் பொருள். பெட்டியில இருந்தா அது வீட்டுப் பொருளும் இல்ல, பயணமும் இன்னும் ஆரம்பிக்கல. இந்த ஆறு தட்டும் இப்ப எங்கயுமே இல்ல சார்."

ரமொஹாபி குனிந்து பார்த்தார். தட்டுகள் இருந்தன. ஆனாலும் அச்சத்தோடு அவற்றை எடுத்து ஷோகேஸில் திரும்ப அடுக்கினார். க்ரோபெலார் அட்டையில் எழுதிக்கொண்டே போனார். "சோபா ஒண்ணு. தையல் மிஷின் ஒண்ணு. தட்டு நாப்பத்தெட்டு. முதியவர் ஒருவர், உட்கார்ந்த நிலையில்."

"என்னையும் எழுதுறீங்களா?"

"நீங்க இப்ப பாலிசியோட நிபந்தனை சார். நிபந்தனை நல்ல நிலைமையில இருக்கான்னு பாக்கணும். மழையில நனையாதீங்க. உடம்புக்கு வந்துடக் கூடாது."

பிறகு விடுப்பு விண்ணப்பத்தை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிறு பிரசங்கம் போல ஆரம்பித்தார்.

"சார், நாங்க இழப்பீடு குடுக்கிற கம்பெனின்னு ஜனங்க தப்பா நினைக்கிறாங்க. நாங்க விக்கிறது நிம்மதி. நிம்மதின்னா என்ன? எதுவும் நடக்காம இருக்கிறது. முப்பத்தொரு வருஷமா உங்க வீட்ல எதுவுமே நடக்கல. அது யாரோட உழைப்பு? எங்களோடது. நீங்க மாசாமாசம் பிரீமியம் கட்டினீங்க, நாங்க மாசாமாசம் எதுவும் நடக்காம பாத்துக்கிட்டோம். இப்ப நீங்க ஃபிக்ஸ்பர்க் போறேங்கிறீங்க. அங்க உங்க சம்சாரம் நடப்பாங்க. இங்க என்ன நடக்கும்? ஏதாவது நடந்தா நாங்க குடுக்க வேண்டியிருக்கும். குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் எங்க கம்பெனிக்கும் சாதாரண தருமத்துக்கும் என்ன வித்தியாசம்?"

ரமொஹாபி தன் விண்ணப்பத்தைக் காட்டினார். "விடுப்பே கிடையாதா சார்?"

"இருக்கே! பதினாலாம் விதி. குடும்பத்துல சாவு விழுந்தா ஏழு நாள். துக்கம் விசாரிக்க வர்றவங்களுக்காகக் கதவு திறந்தே கிடக்கலாம், நீங்களும் வெளியூர் போகலாம், ஏழு நாளும் பாலிசி செல்லும். நோய்க்கு மட்டும் கிடையாது. நோயில குணமாகலாம்ங்கிற நம்பிக்கை இருக்கு பாருங்க. நம்பிக்கை எத்தனை நாள் இழுக்கும்னு சொல்ல முடியாது. சாவு ஒழுங்கான விஷயம்." அவர் பேனாவைத் திறந்தார். "உங்க வீட்ல சாவு ஏதாவது இருக்கா சார்?"

"கர்த்தர் கிருபையால யாரும் சாகல."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்," என்று சொல்லிப் பேனாவை மூடினார் க்ரோபெலார்.

அன்று சாயங்காலம் இதைக் கேட்ட புசெலெட்சோ சொன்னாள்: "அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்."

"புசெலெட்சோ!"

"என்ன புசெலெட்சோ? எனக்கு ஆட்சேபணை இல்ல. ஏழு நாள் கழிச்சு உயிர்த்தெழுந்துக்கிறேன். நம்ம கர்த்தரே மூணு நாள்தான் எடுத்துக்கிட்டாரு."

ரமொஹாபிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "பொய் சொல்லிட்டு வந்து நீட்டுற கையை நீ புடிச்சு நடக்க வேணாம்மா," என்றார்.

"அப்ப நான் உக்காந்தே சாகிறேன்," என்று அவள் போனை வைத்தாள்.

நாட்கள் போயின. ஒன்பது, ஒன்று, ஐந்து. புருவம், உதடு. ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார். கனவில்கூட ஃபிக்ஸ்பர்க் வேனில் ஏறினால், பக்கத்து இருக்கையில் ஷோகேஸ் உட்கார்ந்திருந்தது. இரவு ஜெபத்தில், 'ஆண்டவரே, நான் செய்த தப்பு என்ன?' என்று கேட்பார். உண்மை சொன்னதைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது.

மாதம் முடிய இரண்டே நாள் இருந்த வியாழக்கிழமை காலை ஹெஸ்டர் ஸ்நைமன் இரண்டு கூலியாட்களோடு வந்து இறங்கினாள்.

"சனிக்கிழமை பெரிய அளவுல வீட்டைத் திறந்து காட்டறோம் சார். கூடம் காலியா இருந்தாத்தான் பெருசாத் தெரியும்."

சோபா, ஷோகேஸ், மேசை எல்லாம் பின்னறைக்குப் போயின. சுவரிலிருந்த குடும்பப் படங்களைக் கழற்றியும் ஆணிகள் பிடுங்க வரவில்லை, வெறும் ஆணி அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் எல்லாப் படங்களையும் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டச் சொன்னாள். யாருடைய முகமோ பார்த்துக்கொண்டிருந்தால் வாங்குபவருக்குக் கூச்சமாக இருக்கும். டிவி மிகப் பழையது. அதை ஒரு வெள்ளைப் போர்வையால் மூடினாள். கட்டிலைப் பிரித்தெடுத்தார்கள். மெத்தை எந்தக் கதவிலும் நுழையாமல் கடைசியில் கூடத்துத் தரையில் கிடந்தது. அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஹெஸ்டர் புறப்பட்டுப் போனாள். ரமொஹாபி, அச்சிட்டபடி, பொருள்கள் இடம் மாறியதை நிறுவனத்துக்குத் தெரிவித்தார். பிறகு அந்தக் காலிக் கூடத்தில் போட ஒரு நாற்காலிகூட இல்லாமல், மெத்தை ஓரத்தில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தார்.

வியாழன் மத்தியானம் மெத்தடிஸ்ட் மாதர் சங்க ஜெபம். அது முடிந்து சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலரும் கறுப்புப் பாவாடையுமாக இருபது பெண்கள் அந்தத் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சங்கத் தலைவி டிக்கெலெடி, ரமொஹாபியின் எதிர்வீட்டுக்காரி. ஜன்னல் வழியாக அவள் பார்த்தது: காலிக் கூடம். சுவரைப் பார்த்துத் திரும்பிய படங்கள். மூடிய டிவி. தரையில் மெத்தை. மெத்தையில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண். அந்த ஊரில் கூடத்தைக் காலி செய்து தரையில் மெத்தை போட்டு அமர்வது சாவு வீட்டில்தான் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும்.

"ஐயோ, புசெலெட்சோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கதவைத் திறந்தது.

அடுத்த கால் மணியில் இருபது சிவப்புச் சட்டைகளும் கூடத்துக்குள் இருந்தன. பாட்டு ஆரம்பித்துவிட்டது. யாரோ இரும்புப் பானைகளைக் கொல்லைக்குத் தூக்கிப் போனார்கள். யாரோ உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்தார்கள். ரமொஹாபி ஒவ்வொருவராகத் தேடி, "இல்லம்மா, அவ உயிரோட இருக்கா, இல்லம்மா" என்று சொல்லிப் பார்த்தார். பாட்டின் மூன்றாம் சரணத்தில்தான் டிக்கெலெடியின் காதில் விழுந்தது.

"நிறுத்துங்கடி!" என்றாள். பாட்டு நின்றது. "அண்ணே, என்ன சொன்னீங்க?"

"யாரும் சாகல தங்கச்சி. புரோக்கரம்மா கூடத்தைப் பெருசாக் காட்டுறாங்க."

டிக்கெலெடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். "அந்தம்மா சாவு வீட்டையா விக்கிறா?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள், அழுத மூக்கோடு. டிக்கெலெடி மட்டும் சிரிக்கவில்லை. "அவ உயிரோட இருந்தா, இத்தனை வாரமா நீங்க இங்க என்ன பண்றீங்க? அந்த நாற்காலியில என்ன குஞ்சா பொரிக்கிறீங்க?"

ரமொஹாபி சொன்னார். ஒன்பது, ஒன்று, ஐந்து. எண்ணம் தெரியும் முகம். எங்குமே இல்லாத ஆறு தட்டுகள். சனிக்கிழமையோடு இறுகிப்போகும் கால். அலுமினியச் சட்டம். சொல்லி முடித்தபோது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏண்ணே எங்ககிட்ட சொல்லல?"

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு…"

"செத்திருந்தா ஏழு நாள் இந்த மெத்தையில படுத்திருப்போம். உயிரோட இருக்கிறவ காலுக்காகப் படுக்க மாட்டோமா?" டிக்கெலெடி தன் சீருடைத் தொப்பியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவள் தொப்பியைக் கழற்றினால் வேலை ஆரம்பம் என்று பொருள். "நீங்க கிளம்புங்க. வீட்டை நாங்க பாத்துக்கிறோம். கிழங்கு உரிச்சாச்சு, பானை ஏறியாச்சு, இனிமே எங்களாலயும் நிறுத்த முடியாது."

அந்த நேரத்தில்தான் வாசலில் பழுப்பு நிறக் கோட்டு தெரிந்தது. இடம் மாறிய பொருள்களைச் சரிபார்க்க க்ரோபெலார் வந்திருந்தார். கூடத்தைப் பார்த்தார். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நீலக்குன்று நிறுவனத்தின் சார்பாக உங்க இழப்பில பங்கெடுத்துக்கிறோம் சார். அந்த இழப்புக்கு பாலிசியில இடமில்லைன்னாலும்."

"சார், யாரும் சாகல," என்றார் ரமொஹாபி.

"எங்களுக்கு இதுல அரைநாள் பயிற்சி குடுத்திருக்காங்க சார். முதல்ல எல்லாரும் இப்படித்தான் மறுப்பாங்க."

"சத்தியமா யாரும் சாகல சார். என் சம்சாரம் நல்லா இருக்கா. நேத்துகூடத் திட்டினா."

க்ரோபெலார் டிக்கெலெடி பக்கம் திரும்பினார். அவளும் சபைக்காரி, பொய் வராது. "யாரும் சாகலதான். உயிரோட இருக்கிறவளுக்காக உக்காந்திருக்கோம்."

க்ரோபெலார் தன் படிவத்தைப் புரட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா." பிறகு பின்னிணைப்பைத் தேடி எடுத்து, கூடத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். "காலிக் கூடம், இருக்கு. திருப்பிய படம், இருக்கு. தரையில மெத்தை, இருக்கு. சீருடைப் பெண்கள், குறைஞ்சது ஆறு. இருக்கு. பெரிய பானை, இருக்கு. அஞ்சு அடையாளமும் சரி. சார், கம்பெனி அடையாளத்தைத்தான் பாக்கும், வாய்ச்சொல்லைப் பாக்காது. வாய்ச்சொல்லை நம்ப ஆரம்பிச்சா நாங்க எல்லாருக்கும் குடுக்க வேண்டியிருக்கும்."

"மூணாவது தடவையா சொல்றேன் சார்…"

"சொல்லியாச்சு சார். நானும் கேட்டாச்சு." க்ரோபெலார் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தார். எழுதவில்லை. குரலைத் தாழ்த்தி, அட்டையைப் பார்த்தபடியே கேட்டார். "எந்தக் கால்?"

"வலது."

"எங்கம்மாவுக்கு இடது," என்றார் க்ரோபெலார். "அப்ப நான் ஆய்வுக்குப் போயிருந்தேன்." சரி என்று குறியிட்டு, ஏழு நாள் சீட்டைக் கிழித்து ரமொஹாபியின் கையில் கொடுத்தார்.

ரமொஹாபி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை, தேதி, கையெழுத்து. செல்லுபடியாகும் சீட்டு. தான் ஒரு பொய்யும் சொல்லாமல் அது தன் கைக்கு வந்தது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. சில வேளைகளில் ஆண்டவர் பழுப்பு நிறக் கோட்டும் போட்டுக்கொண்டு வருவார் போலும்.

க்ரோபெலாரைச் சாப்பிடாமல் போக விடவில்லை. கூட்டத்துக்கு எனாமல் தட்டுகள் போதவில்லை. பின்னறையில் பெண்கள் ஷோகேஸைத் திறந்து பொன் விளிம்புத் தட்டுகளை எடுத்துவிட்டார்கள். களியும் கீரையும் ஆட்டுக்கறியும் முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக அவற்றின் மேல் விழுந்தன. அந்த நேரம் பார்த்து ஹெஸ்டர் ஸ்நைமன், மளிகை அறையைத் திறந்த அந்தக் கர்ப்பிணியையும் கணவனையும் இரண்டாம் முறை வீடு காட்ட அழைத்து வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் ஹெஸ்டர் முகம் வெளுத்தது. அதற்குள் யாரோ அந்தப் பெண்ணை மெத்தையில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கையில் தட்டையும் கொடுத்துவிட்டார்கள்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். "இவங்கள்லாம் வீட்டோட சேர்த்தா?"

"சேர்த்துதான் கண்ணு," என்றாள் டிக்கெலெடி. "எங்களைத் தனியா விக்கிறதில்ல. இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கோ."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரமொஹாபி எந்த நாற்காலியிலும் இல்லை. வேனில், ஜன்னலோரம், சீட்டைச் சட்டைப்பையில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார்.

புசெலெட்சோ தங்கை வீட்டு முற்றத்தில், மொட்டு விட்ட செர்ரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அலுமினியச் சட்டத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். கணவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே அதை மறைத்துக்கொண்டு, "வந்தாச்சா முதலைக் குலத்துக்காரரே? வீட்டை யாரு பாத்துக்கிறா?" என்றாள்.

"டிக்கெலெடியும் சங்கமும். நேத்து நாப்பது பேருக்குச் சாப்பாடு."

"நாப்பது பேரா? எதுல போட்டாங்க?"

ரமொஹாபி பொய் சொல்கிறவர் அல்ல. "உன் தட்டுலதான்."

"என் பொன் விளிம்புத் தட்டுலயா!" என்று கத்திக்கொண்டே புசெலெட்சோ எழுந்துவிட்டாள்.

எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. உடம்பு ஆடியது. ரமொஹாபி கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள், மூச்சுவிடக்கூட பயந்து. பிறகு அவள் வலது காலை முன்னே வைத்தாள். வலித்தது, பல்லைக் கடித்தாள். இடது. மறுபடி வலது.

"ஒண்ணாவது உடைஞ்சுதா?" என்றாள், அடுத்த அடிக்கு நடுவில்.

"இல்ல. காலையில எண்ணிப் பாத்தாங்க. நாப்பத்தொம்பது இருக்காம். யாரோட தட்டோ கலந்துடுச்சு."

அவள் சிரித்ததில் இன்னொரு அடி வந்துவிட்டது. அப்போது ரமொஹாபியின் சட்டைப்பையில் போன் அடித்தது. நீலக்குன்று. ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். அதே பெண் குரல்.

"ஆழ்ந்த அனுதாபம் சார். உங்க துக்க விடுப்பை உறுதி செய்ய ஒரு சின்னக் குறை. பாலிசியில இறந்துபோனவங்க பேரும் இருக்கு. அதனால படிவத்துல அவங்க கையெழுத்தும் வேணும்."

ரமொஹாபி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் புசெலெட்சோ போனை வாங்கிவிட்டாள்.

"நான்தாம்மா செத்தவ பேசறேன். இப்ப கொஞ்சம் நடந்துட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடு."

போனைக் கணவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை வைத்தாள்.